சுவிட்ச் போட்ட பிறகு

1978 ஆகஸ்ட் 1ஆம் தேதி, மெல்பர்ன் நகரின் ராயல் விக்டோரியன் கண்-காது மருத்துவமனையில் ராட் சாண்டர்ஸ் என்பவரின் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பைக் குடைந்து ஒரு சிறு கருவியைப் பதித்தார்கள். கார் விபத்தில் தலையில் அடிபட்டு இரண்டு காதும் போயிருந்தன. காயம் ஆறிய பிறகு சோதனை. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கோளாறு சோதனைக் கருவியில் என்று தெரிந்து அதைச் சரிசெய்தார்கள். பிறகு அன்றைய ஆஸ்திரேலியாவின் தேசிய கீதமான பிரிட்டிஷ் அரசி வாழ்த்தை அவர் தலைக்குள் ஓடவிட்டார்கள். சாண்டர்ஸ் விறைப்பாக எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் வயர்கள் பிடுங்கிக்கொண்டன.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கண் கலங்க இதுவே போதும். ஆனால் சாண்டர்ஸுக்கு அன்று பிடிபட்டது பாட்டுதான், பேச்சு பிடிபடவில்லை. அந்தக் கீதம் அவர் சிறுவயதிலிருந்து கேட்டு ஊறியது. தாளக்கட்டு கொஞ்சம் உள்ளே வந்தாலே மீதியை மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் சொல்லும் வார்த்தையை, உதட்டைப் பார்க்காமல், கேட்டுத் திருப்பிச் சொல்ல மேலும் சில மாதங்கள் பிடித்தன. பேச்சின் எந்தக் கூறைப் பிரித்தெடுத்து எந்த மின்முனைக்கு அனுப்புவது என்று, கருவியை உருவாக்கிய கிரீம் கிளார்க்கின் குழுவினர் கண்டறிந்த பிறகே அது முடிந்தது. கிளார்க் பக்கத்து அறைக்குப் போய் அழுதது அந்த வார்த்தைச் சோதனையின்போதுதான். எதற்கு அழ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

காது கேளாத குழந்தைக்குக் கருவியை முதன்முதலாக இயக்கும் காட்சிகள் இப்போது கைபேசிகளில் சுற்றுகின்றன. குழந்தை திடுக்கிடுகிறது, பிறகு சிரிக்கிறது, அம்மா அழுகிறாள், நாமும் அழுகிறோம். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. ஆனால் பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு முதல் சத்தம் ‘அம்மா’ என்று கேட்காது. இதுவரை இல்லாத ஏதோ ஒன்று தலைக்குள் வந்து தட்டுகிறது, அவ்வளவுதான். பல குழந்தைகள் மிரண்டு வீறிட்டு அழும். அழுதால் நல்லது, உணர்கிறான் என்று அர்த்தம் என்பார்கள் செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டுகள். அழும் காட்சிகளை யாரும் அவ்வளவாகப் பகிர்வதில்லை.

உள்காதில் காக்ளியா என்ற நத்தைச் சுருள் இருக்கிறது. சுண்டுவிரல் நுனியில் அடங்கிவிடும். நீட்டிப் பிடித்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள். மூளைக்குச் செய்தி அனுப்பும் முக்கிய வேலை அவற்றில் 3,500 செல்களுடையது. சுருளின் வாயிலில் இருப்பவை கீச்சொலிகளுக்கும், உச்சியில் இருப்பவை கனத்த ஒலிகளுக்கும் அசைகின்றன. மனிதர்களுக்கு இவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. மரபணு, அம்மைக் காய்ச்சல், மூளைக்காய்ச்சல், காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகள், ஆலை இரைச்சல், வயது என்று சாகடிக்கக் காரணங்கள் பல. செல்கள் போன பிறகும் செவி நரம்பு பெரும்பாலும் உயிரோடிருக்கும். இந்தக் கருவி, அதாவது காக்ளியர் இம்பிளான்ட், பேசுவது அந்த நரம்போடு நேரடியாக.

காதின் மேல் உட்காரும் மைக் சத்தத்தை வாங்குகிறது. அதனோடு இருக்கும் சிறு கணினி அதை அலைவரிசைவாரியாகப் பிரிக்கிறது. காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள், தோலுக்கு அடியிலுள்ள பெட்டிக்கு அதை வானொலி அலையாக அனுப்புகிறது. அங்கிருந்து சுருளுக்குள் செருகிய மெல்லிய இழையில் மின்துடிப்புகள் போகின்றன. அந்த இழையைச் சுருளுக்குள் எப்படி ஆழமாகச் செலுத்துவது என்பது கிளார்க்கை வெகுகாலம் குழப்பியது. 1977இல் குடும்பத்தோடு மின்னமுரா கடற்கரைக்குப் போயிருந்தபோது ஒரு சங்குக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி துவண்டும் அடி விறைத்தும் இருந்த புல் வளைந்து வளைந்து உள்ளே போயிற்று. கண்டுபிடிப்புக் கதைகளில் இப்படிப்பட்டவற்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். ஆனால் அந்தச் சங்கையும் புல்லையும் பற்றிக் கிளார்க்கே பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய தந்தை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கேம்டன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர், காது மந்தம். வாடிக்கையாளர்கள் அந்தரங்கமான மருந்துகளைக்கூடக் கடை முழுக்கக் கேட்கும்படி கத்திக் கேட்க வேண்டியிருந்ததைப் பார்த்துக் கூசியபடி வளர்ந்த பிள்ளை கிளார்க்.

மின்சாரத்தால் ஒலியை உண்டாக்க முடியும் என்பது பழைய சேதி. மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டா தன் இரண்டு காதுகளிலும் உலோகக் கம்பியைச் செருகி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். தலையில் அதிர்ச்சியும், கெட்டியான கூழ் கொதிப்பது போன்ற சத்தமும் வந்ததாக 1800இல் எழுதினார். அந்தச் சோதனையை அவர் திரும்பச் செய்ய விரும்பவில்லை. 1957இல் பாரிஸில் ஜூர்னோ, எய்ரியேஸ் என்ற இருவர் ஒரு நோயாளியின் செவி நரம்பருகே மின்முனையைப் பதித்தார்கள். அவர் சில எளிய சொற்களை இனம்கண்டார், கருவிதான் தாக்குப்பிடிக்கவில்லை. 1961இல் லாஸ் ஏஞ்சலஸில் வில்லியம் ஹவுஸ் இதைத் தொடர்ந்தார். வியன்னாவில் 1977இல் ஹொக்மையர் தம்பதியர் செய்த பல மின்முனைக் கருவி கிளார்க்கை முந்தியது. யார் முதல் என்ற சச்சரவை அவரவர் நாட்டாரிடம் விட்டுவிடலாம். 2013இல் லாஸ்கர் பரிசை கிளார்க், இங்கெபோர்க் ஹொக்மையர், பிளேக் வில்சன் மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். மூன்றாமவரான வில்சன் செய்தது முழுக்க மென்பொருள் சார்ந்த வேலை. ஒலியை எப்படித் துடிப்புகளாக வெட்டி அனுப்பினால் மூளைக்குப் பேச்சாகப் புரியும் என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கு எவ்வளவு நெருக்கடியானது என்பதற்கு ஒரு விவரம் போதும். 3,500 செல்கள் செய்த வேலையை இருபது சொச்சம் மின்முனைகள் செய்ய வேண்டும். சுருளுக்குள் இருப்பது உப்புநீர். ஒரு முனையில் பாய்ச்சும் மின்சாரம் பக்கத்திலும் பரவும். கையுறை மாட்டிக்கொண்டு வீணை வாசிப்பது போன்ற காரியம். தந்திகள் இருக்கின்றன, விரலும் இருக்கிறது, சுரம்தான் சுத்தமாக விழாது.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கோரோஸ்ட் இதை உள்ளிருந்து எழுதியவர். 1964இல் அவருடைய தாய்க்குக் கர்ப்பத்தின்போது ரூபெல்லா வந்தது; பிள்ளை பாதிச் செவியோடு பிறந்தது. காது மெஷினை வைத்துக்கொண்டே படித்தார், வேலைக்குப் போனார். 2001 ஜூலை 7ஆம் தேதி, நெவாடா மாநிலம் ரீனோவில் வாடகைக் கார் எடுக்க நின்றபோது சத்தம் மங்கியது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தார். தீர்ந்துபோனது காது. சில மணி நேரத்தில் மிச்சமிருந்ததும் அணைந்தது. இம்பிளான்ட் வைத்து இயக்கிய பிறகு அவருக்கு முதலில் கிடைத்தது சத்தக் குவியல்தான். குழந்தைகளுக்கான ஒலிப்புத்தகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வளர்ந்த மனிதர் மறுபடியும் காதைப் பழக்கினார். 2005இல் வந்த ‘ரீபில்ட்’ என்ற அவருடைய நூலில் முக்கியமான இடம் இது: கருவியின் மென்பொருளை மாற்றியபோது அவர் கேட்ட உலகமும் மாறியது. ஒரே அறை, ஒரே ஆட்கள், ஆனால் வேறு உலகம். இதில் எது நிஜமான சத்தம் என்று அவர் கேட்கிறார். நம் காதில் விழுவது மட்டும் என்ன, வேறொரு கருவி வெட்டி ஒட்டித் தருவதுதானே என்ற எண்ணம் படிப்பவருக்கு வராமல் போகாது.

பதினைந்து வயதிலிருந்து அவர் உருகிக் கேட்டது ராவெலின் ‘பொலேரோ’. ஒரே தாளத்தை முரசு கடைசிவரை தட்டிக்கொண்டிருக்க, ஒரே மெட்டை ஒவ்வொரு வாத்தியமாக வாங்கி வாசிக்கும் இசை. இம்பிளான்ட் வழியே முரசு துல்லியமாக வந்தது. புல்லாங்குழலும் சாக்ஸபோனும் தலையணையால் அமுக்கியது போல அடங்கிப்போயின. மென்பொருள்கள் மேம்பட்டபோது கொஞ்சம் மீண்டது, முழுதாக அல்ல. கருவி வைத்திருப்பவர்களில் மிகப் பலருக்கும் இதுதான் நிலை. காலத்தின் வெட்டுகளை மின்துடிப்பு நன்றாகவே கடத்தும். சுருதியின் நுட்பத்தைக் கடத்தாது. நம் கச்சேரிகளில் சொல்வதானால் மிருதங்கம் கிட்டும், ராகம் நழுவும்.

இதே கணக்கு தமிழ் கேட்பதிலும் விளையாடுகிறது. படு, பாடு இரண்டுக்கும் வித்தியாசம் நீளத்தில் இருப்பதால் கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பல்லி, பள்ளி என்றால் சிக்கல். நாக்கு எங்கே தொடுகிறது என்ற தகவல் அலைவரிசைகளின் நுட்பத்தில் ஒளிந்திருக்கிறது. மனம், மணம் அதைவிட மோசம். உதட்டைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்றால் பாடும் மாடும் உதட்டில் ஒன்றேதான். ஆகவே காது கொஞ்சம், உதடு கொஞ்சம், பேச்சின் சூழல் மீதி என்று கூட்டித்தான் ஒவ்வொரு வாக்கியமும் புரிகிறது. அமைதியான அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது சரளமாக இருப்பவர், கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரிக்கு நடுவே ஒன்றும் புரியாமல் சிரித்துவைப்பது இதனால்தான். நாள் முழுக்க இப்படிக் கூட்டிக் கழிப்பவருக்குச் சாயங்காலம் மண்டை வலிக்கிறது. சிலர் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் கருவியைக் கழற்றி வைக்கிறார்கள், நிம்மதிக்காக.

மெல்ல மெல்லச் செவித்திறன் குறையும் பெரியவர்களுக்கும் இந்த உழைப்பு உண்டு. சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை என்று அவர்கள் சொல்வது மிகச் சரியான மருத்துவ விவரணை. வயதாகும்போது முதலில் போவது கீச்சொலிகள். உயிரெழுத்துகள் கேட்க, மெய்யெழுத்துகள் உதிர்ந்துவிடுகின்றன. கண்ணாடி போட்டவரை யாரும் கேலி செய்வதில்லை. காது மந்தமானவரை வைத்துத் தமிழ் சினிமா எத்தனை நகைச்சுவைக் காட்சிகளை ஒப்பேற்றியிருக்கிறது! கருவி வாங்கியும் அலமாரியில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அந்தச் சிரிப்பு நினைவிருக்கும். செவித்திறன் குறைவைக் கவனிக்காமல் விடுவது மறதிநோய்க்கான ஆபத்துகளில் ஒன்று என்று மருத்துவ இதழான லான்செட்டின் ஆணையம் 2017 முதல் சொல்லிவருகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் நாயகர்கள் குழந்தைகள். சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் இங்கு அதிகம். இரு தரப்பிலும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணுக் கோளாறு பிள்ளையிடம் சேர்ந்து வெளிப்படுவது அதனால் கூடுகிறது. கோரோஸ்டின் செவியைக் கெடுத்த ரூபெல்லா இன்னொரு காரணம். அதற்கான தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் முதல் கட்டமாகத் தமிழ்நாட்டிலும் தொடங்கியது. வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பள்ளிக்கூடங்களில் ஊசி வேண்டாமென்ற பெற்றோர் அப்போது கொஞ்சநஞ்சமில்லை.

கருவியும் அறுவையும் சேர்ந்து பல லட்சம் ரூபாய் ஆகும். சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத அந்தச் செலவை, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் ஒன்றிய அரசின் அடிப் திட்டமும் 2014 முதல் ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை தந்தது. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் அரசு மருத்துவமனையிலேயே இந்த அறுவை நடக்கிறது. இதைச் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோகக் கூடாது. பணக்கார நாடுகள் சிலவற்றிலேயே காப்பீடு இல்லாதவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

வயது வரம்புக்குக் காரணம் உண்டு. சத்தம் வராத மூளைப்பகுதி சும்மா இருக்காது. பார்வை போன்ற பிற வேலைகள் அதை எடுத்துக்கொள்ளும். மூன்றரை வயதுக்குள் கருவி வைத்தவர்களின் மூளை சில மாதங்களிலேயே வயதுக்கேற்றபடி ஒலிக்கு எதிர்வினை காட்டுவதையும், ஏழு வயதுக்குப் பின் வைத்தால் பெரும்பாலும் அப்படி நடக்காததையும் 2002இல் அனு ஷர்மாவின் குழு காட்டியது. ஆகவே பிறந்தவுடன் செய்யும் செவிப் பரிசோதனைதான் எல்லாவற்றுக்கும் முதல் படி. நம் வீடுகளிலோ ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு’ என்று பாட்டி சொல்வாள். அதை நம்பி இரண்டு வருடம் போய்விடும்.

அறுவைக்கும் அப்பால் இருப்பது அம்மாவின் வேலை. தினமும் காலையில் கருவியை மாட்டியதும் வாயை மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லிப் பார்க்க வேண்டும். குழந்தை ஒவ்வொன்றுக்கும் திரும்புகிறதா, கேட்டதும் கையிலுள்ள மணியை டப்பாவில் போடுகிறதா என்று கவனிக்க வேண்டும். டேனியல் லிங் என்ற பேராசிரியர் வகுத்த சோதனை அது. பேச்சின் அலைவரிசை முழுவதையும் இந்த ஆறும் தொட்டுவிடும். பிறகு குக்கர் விசில், குழாய்த் தண்ணீர், காக்கை, வாசலில் பைக் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் ‘கேட்டுச்சா? என்ன சத்தம்?’ என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாரந்தோறும் பயிற்சி மையம், அவ்வப்போது மேப்பிங், அதாவது கருவியின் அளவுகளைப் பிள்ளைக்கேற்பச் சரிசெய்வது. மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் வந்துபோகும் தாய்மார்களில் பலர் வேலையை விட்டவர்கள். காப்பீட்டு அட்டையில் அவர்களுடைய கூலி சேர்வதில்லை. பயிற்சி நின்றுபோன பிள்ளைக்குத் தலையில் பல லட்ச ரூபாய்க் கருவி இருந்தும் பேச்சு வராமல் போவதுண்டு. குறை கருவியில் என்று அக்கம்பக்கம் சொல்லும். அம்மா சரியில்லை என்று மாமியார் சொல்வார்.

அடுத்தது பராமரிப்பு. உள்ளே வைத்தது பல பத்தாண்டு உழைக்கலாம். வெளியே மாட்டுவது அப்படியல்ல. நம் ஊர் வியர்வையும் ஈரக்காற்றும் அதற்கு எதிரி. இரவில் உலர்த்தும் டப்பாவில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் உண்டாகும் நிலைமின்சாரம்கூடக் கருவியைப் பாதிக்கலாம் என்பதால் பூங்காவில் எச்சரிக்கை வேண்டும். காயில் வயர் அறுந்தால் ஆயிரக்கணக்கில் செலவு. கேரளத்தில் 2012இல் ‘ஸ்ருதிதரங்கம்’ என்ற திட்டத்தில் ஏராளமான பிள்ளைகளுக்குக் கருவி வைத்தார்கள். ஆண்டுகள் ஓடின, பழைய மாதிரிகளுக்கு உதிரிபாகம் கிடைப்பது நின்றது. பேசப் பழகிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மறுபடி மௌனத்துக்குள் போனார்கள். பெற்றோர் அரசின் கதவைத் தட்டிய பிறகே பழுதுக்கும் புதுப்பிப்புக்கும் தனியாகப் பணம் வந்தது. தமிழ்நாடு உட்பட எந்த அரசும் கருவியைக் கொடுக்கும் நாளிலேயே அடுத்த இருபது ஆண்டுகளுக்கான பழுதுச் செலவையும் சேர்த்து எழுதியாக வேண்டும். இல்லையென்றால் திறப்பு விழா மட்டும் நடத்திவிட்டுப் பாலத்தைக் கவனிக்காமல் விடும் பழக்கம் இங்கேயும் தொடரும்.

கருவியைக் கழற்றினால், பேட்டரி தீர்ந்தால், குளிக்கப் போனால் அந்தப் பிள்ளை கேளாத பிள்ளைதான். இந்தச் சாதாரண உண்மையைப் பலரும் ஒதுக்கிவிட்டுத்தான் இம்பிளான்ட் வைத்த குழந்தைக்குச் சைகை கற்றுக்கொடுக்காதே, பேச்சு வராது என்கிறார்கள். அமெரிக்காவில் இந்தச் சண்டை குடும்பங்களையே பிளந்தது. லாங் ஐலண்டின் ஆர்ட்டினியன் குடும்பத்தைப் படம்பிடித்த ‘சவுண்ட் அண்ட் ஃப்யூரி’ (2000) ஆவணப்படத்தில் ஹெதர் என்ற சிறுமி கருவி கேட்கிறாள். காது கேளாத அவளுடைய பெற்றோர், நம் மொழியும் நம் கூட்டமும் அழிந்துவிடும் என்று மறுத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் மனம் மாறி அவளுக்கு வைத்தார்கள், அம்மாவும் வைத்துக்கொண்டார். ஹெதர் ஹார்வர்டில் சட்டம் படித்தார், சைகையையும் விடவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் ஊரில் இந்த வாதம் நடக்கவே இல்லை. கேளாத குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் கேட்பவர்கள். முடிவு எடுப்பவர்களும் அவர்களே, மருத்துவர்களே. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து எத்தனையோ தலைமுறை சைகையில் படித்து வெளியே வந்திருக்கிறது. இந்திய சைகை மொழிக்கென்று 2015இல் டெல்லியில் ஒரு மையமும், 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியும் வந்திருக்கின்றன. பெற்றோருக்கான ஆலோசனை அறையில் கேளாத பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, அவரிடமும் நாலு வார்த்தை கேட்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

2022 வாக்கில் உலகில் பத்து லட்சமாவது காக்ளியர் இம்பிளான்ட் வைக்கப்பட்டாயிற்று. இதைப் படிப்பவரின் தெருவிலோ வகுப்பறையிலோ அலுவலகத்திலோ அப்படி ஒருவர் இருக்கலாம். அவரிடம் கத்த வேண்டாம். கத்தினால் சத்தம் கூடும், எழுத்து தெளியாது. வெளிச்சத்தில் நின்று, முகத்தைக் காட்டி, வழக்கமான வேகத்தில் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதையே வேறு வார்த்தைகளில் சொல்லுங்கள். எல்லோரும் சிரித்த ஒரு பேச்சை அவர் ‘என்ன சொன்னீங்க?’ என்று கேட்டால், ‘ஒண்ணுமில்ல, விடுங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.